மேகவல்லி திரும்பிப் போகவில்லை, குருவம்மா

என் பிரியமுள்ள தங்கச்சி குருவம்மாவுக்கு,

நீ போய் நாலு வருஷமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உனக்கு எழுத்துத் தெரியாதே என்பதை ஒரு சாக்காக வைத்திருந்தேன். இப்போது எழுதுவதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளக்கூடிய காரியமில்லை இது.

போன வாரம் அண்ணன் மகள் ராசாத்தி கம்பத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கையில் ஒரு தடித்த புத்தகம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, நான் வாசிக்க நீங்களெல்லாம் கேட்ட அதே மேகவல்லி கதைதான். இப்போது புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை விரித்து வைத்தாள்.

"அத்தை, நீங்க அன்னிக்கு வாசிச்சது இது இல்லையே?"

நான் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேகவல்லி புருசன் வீட்டுக்கே திரும்பிப் போயிட்டான்னுல்ல வாசிச்சீக? இதுல அவ போகவே இல்லையே."

அவள் சத்தம் போடவில்லை. "சின்னத்தைக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். குருவம்மா, உனக்குத் தெரியுமா?

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்குப் பதினாலு வயதில் கல்யாணம், பதினாறில் தாலி போயிற்று. நம் சனத்தில் தாலி அறுத்தவளுக்கு மறுபடி கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. பிடிக்காத புருஷனோடு உள்ள உறவைப் பெரிய மனிதர்கள் முன்னால் தீர்த்துவிட்டு வருகிற வழக்கமும் இருந்தது. ஆனால் அப்பா உத்தமபாளையம் கோர்ட்டில் குமாஸ்தா ஆனபிறகு அதெல்லாம் நம் வீட்டுக்குக் கௌரவக் குறைவாகிவிட்டது. எனக்கு இன்னொரு கல்யாணம் செய்வதற்குப் பதிலாக மதுரைக்கும் பிறகு சென்னைக்கும் படிக்க அனுப்பினார். அவர் இறந்தபோது உனக்கு ஆறு வயது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாசி மாதம் நீ புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கினாய். சண்டைக்காலம், பெட்ரோல் கிடையாது, கரிவாயுவில் ஓடுகிற பஸ். முகமெல்லாம் கரி. இடது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. "விழுந்துட்டேன்" என்றாய். மதினி உன் முதுகுக்கு வெந்நீர் ஊற்றிவிட்டு வந்து, "விழுந்தவளுக்கு முதுகுல எப்படி விறகுக்கட்டைத் தழும்பு வரும்?" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அண்ணன் மனைவியாக வந்தவள் அழுதாள். உடன்பிறந்த நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று கிளம்பினேன். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா அல்லவா நான்?

அப்போதுதான் அந்தத் தொடர் ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பத்திரிகை வரும். மத்தியானம் அரைநாள் பள்ளி முடிந்து நான் வரும்போது, மலையிலிருந்து வந்த ஏலக்காயைப் பின்கட்டில் கொட்டி வைத்துக்கொண்டு நீங்கள் காத்திருப்பீர்கள். நீ, மதினி, ராசாத்தி, பக்கத்து வீட்டு மைமூன் அக்கா. காம்பு கிள்ளிக்கொண்டும் காயைத் தரம் பிரித்துக்கொண்டும் கேட்பீர்கள். நான் வாசிப்பேன்.

மேகவல்லி உப்பு விற்கிறவன் மகள். கையைக் குவித்து வானத்தைப் பார்த்தால் மழை வரும். அந்த மழைக்காகவே ஒரு ராஜா அவளைக் கட்டிக்கொண்டுபோய் அரண்மனையில் பூட்டி வைத்தான். அவளுக்கு அரண்மனைச் சோறு பிடிக்கவில்லை. பழைய சோறும் சுட்ட கருவாடும் கேட்டாள். தாதிகள் சிரித்தால் திருப்பித் திட்டினாள். முதல் முறை அதை வாசித்தபோது நீ ஏலக்காயை அப்படியே மடியில் போட்டுவிட்டாய்.

"அக்கா, ராணியா இருந்துக்கிட்டுப் பழைய சோத்துக்கு அலையுறாளா?"

"ஏத்தா, உன்னையப் பாத்துத்தான் எழுதியிருக்கான் போல" என்றாள் மைமூன் அக்கா. "நீயும் அப்படித்தான, கருவாட்டு வாசம் புடிச்சா நாலு வீடு தாண்டிப் போவ."

"உங்க வீட்டுக்குத்தான வந்தேன். ஒரு துண்டு குடுத்தீகளா?"

எத்தனை மாதம் கழித்துச் சிரித்தாய் நீ. அந்தச் சிரிப்புக்காக நான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்தேன். மேகவல்லி சுவரேறித் தப்பினாள். காட்டில் பேசும் மரத்தோடு சண்டை போட்டாள். மாறன் என்கிற குதிரைக்காரன் அவளுக்குக் குதிரையேறக் கற்றுத்தந்தான். அவள் மூன்று தடவை விழுந்தாள். வழியில் பிரிந்துபோன மாறன் திரும்ப வந்து அவளைச் சேர்வான் என்று நீயும், வரமாட்டான் என்று மைமூன் அக்காவும் ஒரு தட்டுப் பணியாரம் பந்தயம் கட்டினீர்கள்.

வாசித்து முடித்ததும் பத்திரிகையை நீதான் முதலில் வாங்குவாய். எழுத்தைத் தள்ளிவிட்டுப் படத்தைப் பார்ப்பாய். ஒரு படத்தில் பத்து நிமிஷம் இருப்பாய். "இவ காதுல தோடு இல்லக்கா, வித்துத் தின்னுட்டா போல" என்பாய். கதையில் அது இருக்காது. படத்தில் இருக்கும்.

எட்டு மாதம் என் பக்கத்தில் இருந்தாய். பள்ளியில் அத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்த நான் உனக்கு ஒரு 'அ' எழுதிக் காட்டவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. நான் வாசிக்க, நீ கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. நீயே வாசித்துக்கொண்டால் எனக்கு யார்?

புரட்டாசியில் உன் மாமனார் வீட்டுப் பெரியவர்கள் வந்து, பெண்ணை அனுப்புகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தீர்த்துவிட்டால் அவர்களுக்கும் சம்மதம்தான். நம் அண்ணனுக்குத்தான் சம்மதமில்லை. ராசாத்திக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். "தீத்துட்டு வந்தவ இருக்குற வீட்டுல யாரு பொண்ணு எடுப்பாக?" என்றார். நீ அவரை நேராகப் பார்த்து, "இந்தக் கதை முடியட்டும்ணே. மேகவல்லி என்ன பண்றாளோ அதைப் பாத்துட்டு நானும் ஒரு முடிவு சொல்றேன்" என்றாய்.

அண்ணன் சிரித்துவிட்டார். மதினியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு வழி காட்ட வேறு எந்தப் பெண் இருந்தாள்? நானா?

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் வந்தார். "கனகம், நான் சொன்னா மொறைக்கிறா. நீ சொன்னா கேப்பா. புள்ள கல்யாணம் முடியுற மட்டுமாவது அங்கன போயி இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். கதையைத் தொடும்படி அவர் சொல்லவில்லை. அது என் மூளையில் உதித்தது.

ஐப்பசியில் கடைசி அத்தியாயம் வந்தது. பள்ளியிலேயே முதலில் வாசித்துவிட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். நாற்பது வயதில், காலி வகுப்பறையில், ஒரு கதைப் பெண்ணுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதன் பிறகு பயம் வந்தது. நீ தீர்த்துவிட்டு வந்தால் ஊர் என்ன பேசும், ராசாத்தி என்ன ஆவாள், அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான் எந்தப் பக்கம் நிற்பேன்? வீடு வந்து சேர்வதற்குள் வேறொரு முடிவை மனதில் எழுதிவிட்டேன்.

கண் அச்சடித்த வரியில் ஓடியது. வாய் வேறொன்றைச் சொன்னது. ராஜாவின் பல்லக்கு வந்தது, மேகவல்லி மனம் இளகினாள், மழையில்லாமல் தவிக்கும் குடிகளை நினைத்துப் பல்லக்கில் ஏறினாள், ராஜா திருந்தினான். என் குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. படித்த படிப்பு அதற்கு உதவியது.

படத்தை மறந்துபோனேன், குருவம்மா. முழுப் பக்கப் படம். நீ கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கியபோதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, இதுல அவ குதிரையில ஆத்துக்குள்ள எறங்குறா. அரமனை பின்னாலல்ல இருக்கு?"

"அது… அவ கண்ட கனவு."

"கனவா?"

"ஆமா. போகணும்னு நெனச்சது. அதைப் படமாப் போட்டிருக்காக."

"நல்லாருக்கே!" என்றாள் மைமூன் அக்கா. "கனவுல குதிரை, நெசத்துல பல்லக்கா? எட்டு மாசமா இவளுக்காக எத்தனை நாள் கொழம்பு தீயவிட்டேன். இந்தக் கதைக்காரன் கையில கட்டி மொளைக்க!"

நீ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாய்: "மழையையே கூப்புடுற கையி வச்சிருக்கவ. அவளே போயிட்டா. நான் எம்மாத்திரம்க்கா? அண்ணன்கிட்ட சொல்லிரு, நான் போறேன்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அன்றும் மறுநாளும் சொல்லியிருக்கலாம். பஸ் நிற்கும் இடத்தில், வண்டியின் கரி அடுப்பை ஊதிக் கிளப்ப அரைமணி நேரமாயிற்றே, அப்போது சொல்லியிருக்கலாம். நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "அந்தப் படத்தை மட்டும் குடுக்கா." கிழித்துத் தந்தேன்.

தை மாதம், நீ போய்விட்டாய் என்று சொல்ல ஆள் வந்தது. மலைக்காய்ச்சல். ஒன்பது நாள் உன்னை மாட்டுக்கொட்டத்தில் ஒதுக்கிப் போட்டிருந்தார்களாம். எங்களுக்குச் சொல்லிவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகவில்லை. இங்கே என் அலமாரியில் அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை ஒரு சீசா நிறைய இருந்தது. சண்டைக்காலத்தில் கிடைக்காத மருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்தது. உன் ஊர் எட்டு மைல்.

உன் டிரங்குப் பெட்டியைத் திரும்பத் தந்தார்கள். மூடியின் உள்பக்கம் அந்தப் படத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். நான் சொன்னதை நம்பித்தான் போனாயா? இல்லை, படம் சொன்னதை நம்பினாயா? கதையில் இல்லாத தோட்டைப் படத்தில் கண்டுபிடிக்கிறவள் நீ. அக்கா பொய் சொல்கிறாள், நான் போகவேண்டுமென்று அக்காவே ஆசைப்படுகிறாள் என்று தெரிந்துகொண்டு போனாயா? முதலாவது என்றால் நான் உன்னை ஏமாற்றினேன். இரண்டாவது என்றால் நீ கேட்டு வந்த ஒரே வாசலையும் உன் முகத்துக்கு நேரே சாத்தினேன். எது என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ராசாத்திக்கு அப்போது பேசிய இடம் தட்டிப்போயிற்று. மாப்பிள்ளை வேறெங்கோ கட்டிக்கொண்டான். உன்னால் அல்ல, என்னாலும் அல்ல. நீ அங்கே போய்த்தான் ஆகவேண்டும் என்று நாங்கள் நினைத்த காரணமே நீ புருஷன் வீட்டுக்குப் போன அதே மாதத்தில் இல்லாமல் போயிற்று.

உனக்குச் சேரவேண்டிய முடிவை இப்போது சொல்கிறேன். பல்லக்கு வந்து நிற்கிறது. மழையில்லாமல் குடிகள் சாகிறார்கள், ராணி திரும்ப வேண்டும் என்கிறான் மந்திரி. மேகவல்லி கையைக் குவிக்கிறாள். மழை கொட்டுகிறது. "மழைக்குத்தானே என்னைத் தேடினீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறுகிறாள். அவள் பெய்வித்த மழையிலேயே ஆறு புரண்டு வருகிறது. அதற்குள்தான் இறங்குகிறாள். படத்தில் இருந்தது அதுதான். அக்கரையில் ஒரு ஊரில் உப்புக்கூடை வைத்து உட்காருகிறாள். மாறன் வந்தானா என்று நீதானே கேட்டுக்கொண்டிருந்தாய்? வந்தான். "உப்பு வாங்க இத்தனை தூரமா?" என்கிறாள். "கடையைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று" என்கிறான். அவள் கூடையை நகர்த்தி உட்கார இடம் விடுகிறாள். அவ்வளவுதான் கதை. பந்தயத்தில் நீ ஜெயித்திருந்தாய்.

இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்வாய், இனிமேல்?

வெள்ளைக்காரன் போய்விட்டான். சுதந்திரம் வந்த அன்று பள்ளியில் கொடியேற்றி நான்தான் பேசினேன். பெண்கள் தைரியமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வாய்க்கு எதையும் சொல்ல வரும்.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் மைமூன் அக்காவையும் மதினியையும் ராசாத்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கடைசி அத்தியாயத்தை அச்சில் இருக்கிறபடி வாசிப்பேன். அண்ணனும் கேட்கட்டும். அன்றைக்கு நான் செய்ததை உன் பெயர் சொல்லி அவர்களிடம் சொல்வேன். அதற்குப் பிறகு என்னிடம் கதை கேட்க யாரும் வராமல் போகலாம். இனி யாருக்கு எதை வாசித்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான். இது உன்னை ஒரு நாள்கூடப் பிழைக்க வைத்திருக்காது என்று தெரிந்தேதான் தருகிறேன்.

உன்னோடு பிறந்து, உனக்குப் பொய் வாசித்த
உன் அக்கா,
கனகம்