நான் இங்கிலீசில் சொன்ன பொய்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். கங்காணியிடம் கொடுக்காதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் வேண்டாம். படித்துவிட்டால், படித்ததாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இது என் அப்பாவுக்கு எழுதியது. அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

அப்பா, குப்பி விளக்கை அடுப்புக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் தெரியாமல் சாக்கைத் தொங்கவிட்டு எழுதுகிறேன். லயத்தில் நமக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பிராவில், கங்காணியின் மச்சான் இருக்கிறான். நடுச்சுவர் கூரைவரை போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேனா கீறுகிற சத்தம்கூட அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் பக்கத்தில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து இருக்கிறது. வெள்ளைப் பூச்சின் வாடை காம்பிரா முழுக்க அடிக்கிறது. அந்த வாடையில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. சாயங்காலம் கங்காணி கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"பெரிய தொரையோட மக சீமையிலருந்து வந்திருக்காங்க. நாளைக்கி அப்பனும் மகளும் நுவரெலியாவுக்குக் கோல்ப் பந்தடிக்கப் போறாங்க. மிஸ்ஸி ஒன்னத்தான் பை தூக்கக் கூப்பிடுறாங்க. விடிஞ்சதும் ஜீப்பு வரும். இந்தச் சப்பாத்தப் போட்டுக்கிட்டு வா. இனிமே வெறுங்காலோட ஒருத்தரும் கிரவுண்டுல எறங்கக்கூடாதாம், தொரை உத்தரவு. எல்லாம் ஒங்கப்பன் வெரலு செஞ்ச வேல!" என்று சிரித்தார். பிறகு குனிந்து, சத்தத்தைக் குறைத்தார். "ஒங்கப்பன் செத்தது தெரிஞ்சதுலருந்து மிஸ்ஸி அவனப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். ஒன்னையும் கேப்பாங்க. போன வருசம் சொன்னதையே சொல்லிட்டு வா. மாத்திச் சொன்னேன்னு வையி, ஒங்கம்மா பேரு செக்ரோல்ல இருக்காது, வேலையும் இருக்காது. இந்தக் காம்பிராவும் இருக்காது."

போன வருடம் நான் சொன்னது பொய் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல வைத்தவர் நீங்கள். எனக்கு உங்கள்மேல் கோபம், அப்பா. செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எட்டு மாதமாக முயன்று பார்த்தேன், முடியவில்லை.

உங்கள் கால்விரலைப் பார்த்து நான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன்! கீழே விழுந்த தீப்பெட்டியை நீங்கள் குனியாமல் காலாலேயே எடுத்து அம்மா கையில் கொடுப்பீர்கள். "கையி எதுக்கு இருக்கு இந்த மனுசனுக்கு? தேங்காயத் துருவக் காலக் குடுங்கன்னா குடுப்பீங்க போல" என்று அம்மா திட்டுவாள். நீங்கள் உடனே அவளுடைய முந்தானையை விரலால் பிடித்து இழுப்பீர்கள். ஒவ்வொரு சீசனுக்கும் தொரை உங்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனது அந்த விரலுக்காகத்தான் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள். புதரில் போய் விழுந்த தொரையின் பந்து, அவருடைய மட்டைப் பையோடு நீங்கள் நடந்து தாண்டும்போது நல்ல புல்லுக்கு வந்துவிடும். முழங்கால்கூட மடங்காது. "தொரை தோத்தா ஒரு வாரத்துக்குத் தோட்டத்துல யாரும் நிமிந்து நடக்க முடியாது பாப்பா. நான் ஒரு வெரல அசைச்சா எல்லாருக்கும் நிம்மதி" என்பீர்கள்.

போன வருடம் மிஸ்ஸி முதல்முறையாகத் தன் அப்பாவோடு விளையாட வந்தாள். அவளுக்குப் பை தூக்க இங்கிலீசு தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். நீங்கள்தான் முந்திக்கொண்டு, "எம் மக ஹட்டன்ல படிக்கிறாங்க தொரை, நல்லாப் பேசுவாங்க" என்றீர்கள். ஜீப்பின் முன்னால் ஓர் அப்பாவும் மகளும். பின்னால், பைகளுக்கு நடுவில், நாம் இரண்டு பேர். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தபோது என் முகத்தை உங்கள் கோட்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். "தொரையோட சீட்டுல எடுத்துறாத தாயி. எங்கோட்டுன்னா தொவச்சுக்கலாம்" என்றீர்கள். வாந்தியோடு சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பாதை என்றால் முதலில் நினைவு வருவது அந்தச் சிரிப்புத்தான். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

காலையிலிருந்து மத்தியானம்வரை நடந்தோம். தொரையின் பந்து மோசமான இடத்தில் விழும்போதெல்லாம் அவர் மலைப்பக்கம் திரும்பி, பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "நல்ல எடம் பாத்து வை." நீங்கள் வைத்தீர்கள். நான்கு முறை சொன்னதை என் காதால் கேட்டேன். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. உங்களோடு ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சைப்ரஸ் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது மிஸ்ஸி எனக்கும் ஒரு சான்விச் தந்தாள். "என் பந்து எப்போதும் புதரில் போய் விழுகிறது. என் அப்பாவின் பந்து மட்டும் எப்படி நல்ல புல்லிலேயே கிடக்கிறது?" என்று இங்கிலீசில் கேட்டுச் சிரித்தாள். என்னைச் சமமாக நடத்தி ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்ட முதல் கேள்வி அது. பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், அதை நகர்த்தினால் அவர்களுக்கு அது திருட்டு மாதிரி என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா? உங்களைப் பற்றிப் பெருமையடிக்க ஓர் இடம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். "என் அப்பா கால்விரலால் எடுத்து வைப்பார், மிஸ். பக்கத்தில் நின்றாலும் தெரியாது" என்றேன்.

அவள் கையிலிருந்த சான்விச்சைக் கீழே வைத்தாள்.

தொரையின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். கூட ஆட வந்திருந்த மற்றத் தொரைமார்கள் அதைக் கேட்டுப் பக்கத்து மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்கள். "டேய், நீ பந்தத் தொட்டியா?" என்று தொரை தமிழில் கேட்டார்.

"ஆமாங்க தொரை."

"நான் சொன்னதா?"

"இல்லீங்க தொரை. நானாத்தான்."

மிஸ்ஸி என் தோளைப் பிடித்தாள். "என்ன சொல்கிறார்? என் அப்பாவுக்கு இது தெரியுமா? நீ உண்மையைச் சொல்." அவளும் பயந்துதான் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் உங்களைப் பார்த்தேன். பையைத் தோளில் போட்டபடி நின்றீர்கள். தலையை மெதுவாக ஒரே ஒரு தடவை ஆட்டினீர்கள், வேண்டாம் என்று.

"தெரியாது, மிஸ். என் அப்பா தானாகவே செய்தார்" என்றேன். அவ்வளவு சுத்தமான இங்கிலீசு அதற்கு முன் என் வாயில் வந்ததில்லை.

அவள் உங்களை ஏமாற்றுக்காரர் என்றாள். அந்தச் சொல்லின் அர்த்தத்தை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. திரும்பி வர ஜீப்பில் நமக்கு இடமில்லை. பஸ்ஸில் வந்தோம். நானுஓயா தாண்டியதும் என் தலையைத் தடவி, "இங்கிலீசுல நல்லாப் பேசுன பாப்பா" என்றீர்கள்.

அப்பா, அதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? அடித்திருக்கலாம். வாயாடி என்று திட்டியிருக்கலாம். நான் உளறியதால்தானே எல்லாம் வந்தது! நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். அன்றைக்கு ராத்திரி, ஏன் அப்பா ஒத்துக்கொண்டீர்கள் என்று அழுதேன். "பெத்த மக முன்னால அந்த மனுசன் தல குனியக்கூடாதுல்ல. நானும் ஒரு பொம்பளப் புள்ளையப் பெத்தவன்தானே" என்றீர்கள்.

நீங்கள் பெற்ற பெண் எங்கே நின்றுகொண்டிருந்தாள்? என் முன்னால் உங்கள் தலை குனிந்ததே, அது கணக்கில்லையா? அவருடைய மகளுக்கு நல்ல அப்பா வேண்டும் என்று, என்னுடைய நல்ல அப்பாவைக் கொடுத்துவிட்டீர்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

அவர் உங்களுக்கு என்ன செய்தார்? மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கையில், உங்களை மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போகச் சொன்னார். இருமல் பிடித்த அந்த நெஞ்சோடு, மழைக்காலம் முழுக்க, இடுப்பளவு சேற்றுக் கானில் நின்றீர்கள். லயத்துப் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "ஏய், பந்துத் திருடன் மக போறா டோய்! சட்டி பானைய உள்ள வையுங்க!" என்று கத்தினார்கள். உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு, மூச்சு வாங்க, "தொரைகிட்டச் சொன்னா லொறி குடுப்பாரு" என்றீர்கள். கடைசிவரை நம்பினீர்கள். லொறி வரவில்லை. நான்கு பேர் கம்பளியில் தூக்கிப்போனார்கள்.

எனக்குத் தொரைமேல் கோபம். கங்காணிமேல் கோபம். சான்விச்சுக்கு மயங்கின என் நாக்குமேல் கோபம். எல்லாவற்றையும்விட, உங்கள் தலை அசைந்ததே, அந்த ஓர் அசைவின்மேல் கோபம். அதைச் சுமந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும், எங்கேயோ நீங்கள் நின்று வேண்டாம் என்கிற மாதிரி இருக்கிறது.

கங்காணி போன பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்தாள். "மிஸ்ஸி கேட்டா என்ன சொல்லப் போற?" என்றாள்.

"தெரியலம்மா."

அம்மா எரிகிற விறகை உள்ளே தள்ளினாள். "ஒங்கப்பா ஒத்துக்கிட்டாருன்னு நீயும் ஒத்துக்கணும்னு இல்ல. ஒடப்புசல்லாவையில மாமா இருக்கான். அவம் பொண்டாட்டி மூஞ்சத் தூக்குவா. தூக்கட்டும், எறக்கி வச்சிருவா" என்றாள். பிறகு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், சட்டி பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சேலையில் கட்டினாள். இப்போது மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, தெரியவில்லை.

பயமாக இருக்கிறது, அப்பா. ஆனால் சொல்ல வேண்டியதை இங்கிலீசில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். நடுவில் நின்றுவிடக் கூடாது என்று பத்துத் தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "மிஸ், போன வருடம் நான் பொய் சொன்னேன். நல்ல இடம் பார்த்து வை என்று உங்கள் அப்பா நான்கு முறை சொன்னார். அதனால்தான் என் அப்பா வைத்தார்." மற்றத் தொரைமார்கள் எல்லாரும் வந்து நின்ற பிறகு சொல்வேன். அப்போது நீங்கள் எங்கே நின்று தலையை ஆட்டினாலும் நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. என்னை மன்னிக்க

கதவைத் தட்டுகிறார்கள். இன்னும் விடியவில்லை, ஜீப் சத்தமும் இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், விளக்கை