சிவப்பு வண்டிக்கு ஸ்பிரிங் போட்டேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து கிளம்பி சோமாசிபாடி தாண்டும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஏறிய பிறகும் தானாக இரண்டு முறை ஆடியது. பக்கத்தில் இருந்த குமரேசன், "படகு மாதிரி இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், உவமையில் கஞ்சன். அவரே சொல்கிறார் என்றால் நிலைமை மோசம்தான்.

அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக மெக்கானிக் கலையரசனிடம் போனேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்துவிட்டதாம், மாற்றியே ஆக வேண்டுமாம். எனக்குச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. நாலு ஷாக் செத்ததற்குச் சிரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பிசியோதெரபிஸ்ட். திருவண்ணாமலையில் கிளினிக். தினமும் இருபது முதுகுகள். மூன்று வருடத்துக்கு முன்பு இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாரநாளில் கிளினிக்குக்கு, எப்போதாவது ஒரு ஞாயிறு சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்குக்கு. அங்கே ஒரு சுற்றுக்கு என் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் பதினாலு விநாடி. அதைப் பன்னிரண்டாக்க வேண்டும். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கம்பெனி ஷாக்கையே மறுபடி போடலாம். சுகமாகப் போகும், வளைவில் சாயும். அல்லது காயில்ஓவர் போடலாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டாக வரும், வண்டியின் உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அதிலும் ரோட்டுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. டிராக்குக்கானதில் ஸ்பிரிங் இரண்டு மடங்கு கெட்டி.

இவ்வளவையும் ஒருவருக்கு முதுகில் மெஷின் வைத்துவிட்டு போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். நேரம் முடிந்து மெஷின் கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. அவரே எழுந்து அணைத்தார்.

கலையரசன் சொன்னது: "தெனம் ஓட்ற வண்டி மேடம். ரோட்டுக்கானதே போடுங்க. டிராக்குக்கும் அது தாங்கும்." தலையாட்டினேன். எடையைக் குறையுங்கள் என்று நான் சொல்லும்போது என் பேஷண்டுகள் ஆட்டுவார்களே, அதே மாதிரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டிராக்குக்கானதையே ஆர்டர் செய்தேன். குமரேசனிடம், "இறுக்கத்தைக் குறைச்சிக்கலாங்க" என்றேன். பொய் இல்லை. ஷாக்கைக் குறைக்கலாம், ஸ்பிரிங்கைக் குறைக்க முடியாது. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூட்டியாகிவிட்டது! டயருக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. கலையரசன் இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்கலாம் என்றார். நான் எதிரே நின்று, குனிந்து, பக்கவாட்டில் போய், போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். பெரிய கோவில் கோபுரத்துக்குக்கூட நான் இத்தனை போட்டோ எடுத்ததில்லை.

வளைவில் ஒரு இம்மி சாயவில்லை. வீடு வரைக்கும் வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

வீட்டிலிருந்து கிளினிக் வரை எத்தனை வேகத்தடை என்று இப்போது எனக்குத் தெரியும். பதினொன்று. ஒவ்வொன்றிலும் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். பரிதாபப்பட்டிருப்பார்.

குமரேசன் இனி பஸ்ஸில் போகிறாராம். பள்ளிக்குச் சீக்கிரம் போக வேண்டிய வேலை இருக்கிறதாம். நல்லதுதான். அறுபத்தெட்டு கிலோ குறைந்தால் வண்டி இன்னும் நன்றாகத் திரும்பும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன், பிறகு படித்து வெட்கப்படலாம்.

செப்டம்பர் 6, சனி

மாட்டிக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் என்று ஒரு பேஷண்ட். கிரிவலப் பாதையில் சுண்டல் கடை வைத்திருந்தவர். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். வாரம் இருமுறை வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். இன்று அவர் தெருமுனையில் புதிதாகப் போட்ட வேகத்தடையில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது.

நாளைக்குப் பௌர்ணமி. கூட்டத்துக்கு முன்பே சுற்றிவிடலாம் என்று வந்தவர்கள் நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் வந்து கை வைத்தார்கள். ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்றார், மற்றவர்கள் "அரோகரா" என்று தூக்கினார்கள். வண்டி அப்படியே எழுந்து இறங்கியது. ஒரு பெரியவர் என்னிடம், "பாவம், ஸ்பிரிங் ஒடைஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதிது என்று எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 14, ஞாயிறு

டிராக். இரண்டு நிமிடம் பதினாலரை.

செத்துப்போன பழைய ஷாக்கோடு ஓட்டியதைவிட அரை விநாடி அதிகம்.

ஒன்பது சுற்று முயன்றேன். அங்கே பழக்கமான அருண்பிரசாத் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டி குதிக்கிறதாம். டயர் தரையில் இருந்தால்தானே பிடிக்கும்? ஸ்பிரிங் அசைய இடமே இல்லையாம். இதை யாரோ ஒருவர் எனக்கு ஆகஸ்டிலேயே சொன்ன மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

இடுப்பு வலி. கோட்டுக்கு அடியில் பெல்ட் போட்டுக்கொண்டு, நாலு பேருக்குப் பெல்ட் எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இதைக் கிண்டலாக எழுத வரவில்லை.

கன்னியம்மாளுக்கு இன்று ஆஸ்பத்திரியில் ரிவியூ. பயிற்சி முடிந்ததும் பிடித்துக்கொண்டது மழை. வருவதாகச் சொன்ன ஆட்டோ வரவில்லை. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். நானேதான் சொன்னேன். ஏழு வாரத்து முதுகை அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார வைத்தேன். அவர் மகள் ஓவியா பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

முதல் வேகத்தடையில் கன்னியம்மாள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டாவதில் மூச்சை இழுத்தார். அடுத்து மழைத் தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்ததை நான் பார்க்கவில்லை. திரும்பினால், கண்ணை மூடியிருக்கிறார், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டரம்மா. பரவால்ல, போங்க."

பின்னாலிருந்து ஓவியா, "பொய் சொல்லுது" என்றாள்.

பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனேன். அப்பவும் ஒவ்வொரு கல்லும் ஏறுது. ஐயோ, இந்தம்மாவுக்கு உள்ள ஸ்க்ரூ இருக்கு, நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு தலை சுத்திடுச்சு. நிறுத்தினேன். எதிரே வந்த ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி மடக்கி, இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து அவரை அதில் மாற்றினோம். ஓவியா பிடித்துக்கொள்ள, ஆட்டோ முன்னால் மெதுவாகப் போனது. நான் பின்னால், தனியாக, என் காரில்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எதுவும் நகரவில்லை, தசைதான் பிடித்திருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நடந்ததை அவரிடம் நானே சொன்னேன்.

வெளியே பெஞ்சில் கன்னியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"ஆசையா வெச்சிருக்கிற வண்டி. எப்பிடி சொல்றது டாக்டரம்மா?"

பதினேழு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: வலித்தால் உடனே சொல்லுங்கள். என்னிடமே சொல்ல முடியாத மாதிரி நான் இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

சாப்பிடும்போது குமரேசனிடம் கேட்டேன். பள்ளிக்குச் சீக்கிரம் போகிற அளவுக்கு அப்படி என்ன வேலை?

சோற்றைப் பிசைந்தார். பிறகு, "கழுத்து வலி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

"ஏங்க சொல்லல?"

"அந்த வண்டில ஏறும்போது உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் பாக்கறேன் இல்ல? அத கெடுக்க மனசு வரல."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கல் மாதிரி இருந்தது. மூன்று வாரமாகப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறேன். பெரிய பிசியோதெரபிஸ்ட்.

என் பெல்ட்டையும் அவிழ்த்துக் காட்டினேன். சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை.

செப்டம்பர் 27, சனி

கலையரசனிடம் போனேன். ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மென்மையாக மாற்றலாம், வண்டியைத் தூக்கலாம் என்றார். எவ்வளவு தூக்க வேண்டும் என்று கேட்டதற்கு மூன்று விரலைக் காட்டினார். பார்க்க அழகாக இருக்குமா என்று என் வாயில் வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

புது ஸ்பிரிங் பூட்டியாகிவிட்டது. எதிரே நின்று பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. வேகத்தடையில் நேராகவே ஏறினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

டிராக். இரண்டு நிமிடம் பதிமூன்று. பன்னிரண்டு வரவில்லை. கடைசி மூன்று சுற்றில் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். வளைவில் கொஞ்சம் சாய்கிறது. சாயட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கன்னியம்மாள் கைத்தடி இல்லாமல் அறைக்குள் ஆறு முறை நடந்தார். அடுத்த ரிவியூவுக்கு என் வண்டியிலேயே வருகிறேன் என்றார், இப்போது சரியாகிவிட்டதாமே என்றார். ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஓவியா முதல்முறையாக எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

திங்களிலிருந்து குமரேசன் என்னோடுதான் வருகிறார். நான் கூப்பிடவில்லை, அவராகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இன்று காலாண்டுப் பேப்பர் திருத்தியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தார்.

பள்ளி வாசலில் நிறுத்தினேன். மணி அடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.