கதவைக் கழட்டக்கூடாதாம்

கிளியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணு புவனாவுக்கு, அம்மா ராசம்மாள் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் குட்டியும் எப்படி இருக்கீங்களோன்னுதான் எந்நேரமும் நெனப்பு. போன்ல பேசினா மாப்பிள்ளை ஸ்பீக்கர் போடச் சொல்றாரு. அதான் நம்ம பக்கத்து ஊட்டுப் பொன்னாயி மக, நீ இருக்கிற திருப்பூருக்குத் திரும்பறப்போ இதைக் குடுத்தனுப்பறேன்.

வாடகைக்கு விட்ட புது ஊடு காலியானா குட்டியோட வந்துடறேன்னு சொன்னியே. குடியிருக்கிற எல்வின்கிட்ட அப்பா கேட்டாரு. பேக்கரியில வேலை, தங்கமான மனுசன். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டுங்கன்னுட்டாரு. அப்பாவுக்கு வந்ததே கோவம், ஆசாரியைக் கூட்டிக்கிட்டு வாசக்கதவைக் கழட்டப் போயிட்டாரு! எஸ்டேட்டுல கூலியாளுங்க லைன் ஊட்டைக் காலி பண்ண அப்படித்தானே செய்வாங்க. என் அப்பா நெஞ்சுவலியில படுத்து வேலைக்குப் போகாதப்போ, எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டர் ஆளனுப்பி எங்க கதவைத் தூக்கிட்டுப் போனாரு. பனியிலயும் காட்டெருமை பயத்துலயும் எப்படி இருக்கிறது? நாங்களே மூட்டையைக் கட்டினோம். காலி பண்ண வைக்கிறதுன்னா அதுதான்னு நானும் நெனச்சிருந்தேன் சாமி.

எல்வின் சம்சாரம் அசரலை. ஒரு வக்கீலைக் கேட்டுட்டு வந்து கழட்டுங்கன்னுட்டா. சரின்னு சேலம் போயி கௌரி வக்கீலம்மாவைப் பார்த்தோம். அடேயப்பா! அவங்க சொன்னதைக் கேளு. சொந்த ஊடே ஆனாலும் கதவுல கை வைக்கக்கூடாதாம். தண்ணி, கரண்டு நிறுத்தக்கூடாதாம். உள்ளே போய்ப் பார்க்கணும்னாக்கூட முன்னாடியே சொல்லணுமாம். நமக்கு ஊடு வேணும்னா காரணத்தை எழுதி நோட்டீஸ் குடுத்து, தவணை விடணும். அப்பவும் போகலேன்னா கோர்ட்டுதான் போகச் சொல்லணும், நாம இல்லை. கூரையில ஒழுகற ஓடுங்களை மாத்தறதும் நம்ம பொறுப்பாம்! அப்பா முகம் சுண்டிப் போச்சு. குடியிருக்கிறவங்களுக்கு இத்தனை பெரிய சட்டம் காவல் நிக்குதா! காப்பி பறிச்ச நான் அதுக்குக் கட்டுப்பட்ட ஊட்டுச் சொந்தக்காரியா! திரும்பி வர்றப்போ பஸ் மலையடிவாரம் தாண்டினதும் அழுதுட்டேன். எங்கப்பா இதைக் கேக்காமயே போய்ச் சேந்துட்டாரே.

நோட்டீஸ் குடுத்தாச்சு. எல்வின் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு, சித்திரையில போயிடறேன்னாரு. அப்பா முணுமுணுத்துக்கிட்டே ஓடு மாத்தறாரு. இந்த வருசம் மிளகு பரவாயில்லை.

ஆனா கண்ணு, சித்திரை வரைக்கும் நீ அங்க இருக்க வேண்டாம். போன வாரம் மாப்பிள்ளை உன்னையும் குட்டியையும் வெளியே தள்ளித் தாழ் போட்டதை பொன்னாயி மக சொல்லிட்டா. நீ ஏன் மறைச்சேன்னு கேக்க மாட்டேன். வாடகைக்கு இருக்கிறவங்களையே நெனச்ச நேரத்துல வெளியே தள்ள முடியாதாம். அப்போ என் பிள்ளையை மட்டும் புருசன் தள்ளலாமான்னு வக்கீலம்மாகிட்ட கேட்டேன். அதுக்கும் சட்டம் இருக்குதுங்கம்மான்னாங்க. இருக்குதாம் கண்ணு! அதையெல்லாம் பொறவு பார்த்துக்கலாம்.

இங்க இருக்கிறது ஒரே ரூம்புதான், படுக்க இடம் பத்தும். நம்ம மலைச்சாமி சேர்வராயர் துணையிருப்பாரு. துணிமணி கெடக்கட்டும், குட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துடு சாமி.

உன்னை எதிர்பார்த்து,
அம்மா