டிரம்மில் நுரை வரவில்லை

ஜூலை 7, திங்கள்

மலைப் பக்கம் மேகம், மகாராஜபுரத்தில் சாரல். குடை மறந்தாச்சு.

மகளிர் குழு டிரம்மைத் திறந்தேன். இயற்கை உரக் கரைசல்: சாணம், வெல்லம், கடலை மாவு, ஒரு பிடி வரப்பு மண் கரைத்து வைத்து மூன்று நாள். நுரைத்திருக்க வேண்டும். நுரை இல்லை, மூக்கைக் குத்தும் நெடி மட்டும். உள்ளே நுண்ணுயிர்கள் காலி.

கத்தரிக்கு யூரியாவுக்குப் பதில் இதை ஊற்றிப் பார்க்கலாம் என்று பதினோரு பேரைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம். அதில் பாதி நாள் பேச வாய் வராமல் நான் திரும்பி வந்தது.

தலைவி பேச்சியம்மாள் அத்தை: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்ட்டி. வரலேன்னா டிரம்மக் கழுவித் தண்ணி புடிச்சு வச்சிருவோம். பழயபடி யூரியாவே போட்டுக்கிடுதோம்."

நியாயம்தான்.

பஸ்ஸில்தான் உறைத்தது. கிணற்றில் பாசி என்று குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றியவள் நான். அன்றுதான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். வாளியிலேயே வாடை. குடிக்கிற ஆளுக்கு நல்லது, டிரம்முக்கு விஷம். வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் நுண்ணுயிரியல்!

செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் பலூன். "யாருக்கும்மா பொறந்தநாள்?" பாக்டீரியாவுக்கு என்று மனதுக்குள் மட்டும் சொன்னேன்.

புதுக் கரைசல், மூன்று பாட்டில், வாயில் பலூன் (உள்ளே உயிர் இருந்தால் ஊதும்):
1. கிணற்றுத் தண்ணீர்
2. குழாய்த் தண்ணீர் + பிளீச்சிங், அன்றைய வாடை வரும்வரை
3. குழாய்த் தண்ணீர், நேற்று சாயங்காலமே பிடித்து, வாடை போகத் திறந்த வாளியில் வைத்தது

அம்மா: "சமையக்கட்டுல என்னட்டி சாணி?"

புதன்

குழுவில் இருக்கும் மாரியம்மாள் மதினி என் வீட்டுக்கே வந்துவிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"செல்வி, நான் அந்த டிரம்முல அர வாளி யூரியா போட்டேன்ட்டி. பயிருக்கே தெம்பு குடுக்கு, ஒன் பூச்சிக்குக் குடுக்காதா? சொல்லிராத, அத்த உயிர வாங்கிருவாவ."

சொல்ல மாட்டேன் என்றேன். நாலாவது பாட்டில்: கிணற்றுத் தண்ணீர் + யூரியா.

சனி

1, 3: பலூன் நிமிர்ந்து நிற்கிறது. 2: மெதுவாக எழும்பிப் பாதியில். 4: தொங்கல், அதே நெடி. ஆக, என் தப்பு பாதி. டிரம்மை முடித்தது யூரியா. சொன்னால் நான் தப்பிப்பேன். சொல்ல முடியாது.

4ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகணும். காற்றில் கொடித்துணி ராஜபாளையம் வரை பறக்கும் போல.

ஞாயிறு

பதினோரு பேர். மூன்று பாட்டிலையும் வைத்து, தண்ணீர் தப்பு என்னுடையது, இனி கிணற்றுத் தண்ணீர்தான் என்றேன். இன்னொரு தடவை கரைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"படிச்ச புள்ளைக்கே தெரியலேன்னா..." என்று அத்தை இழுத்தார்.

மாரியம்மாள் மதினி எழுந்தார். "அத்த, அவள விடுங்க. அர வாளி யூரியா போட்டது நாந்தான்."

ஒரே கூச்சல். அதற்குள் என் வாய் தானாகத் திறந்தது: மண்ணிலும் யூரியாவை அள்ளிப் போட்டால், காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிற பாக்டீரியா அந்த வேலையை விட்டுவிடும், சும்மா கிடைக்கிறதே என்று.

மதினி: "எங்க வீட்டு மனுசன் மாதிரி!"

அத்தைதான் முதலில் சிரித்தார். பொறவு, இன்னொரு தடவைக்குச் சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார். ஒன்பது கை.

நாளைக்கே புது டிரம். மூடிக்கு ஒரு பூட்டு. சாவி மாரியம்மாள் மதினியிடம்.