எண்ணெய்க் கை

1996, ஐப்பசி 9, வெள்ளி

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த வேட்டி இன்னும் ஈரம்.

எழுத்து வகுப்பு முடிந்து மூன்று வருஷம். தினம் நாலு வரி எழுதாவிட்டால் படித்தது போய்விடும் என்று டீச்சர் சொன்னது. அறுபத்தேழு வயதில் கற்ற எழுத்து. என்னை மாதிரியே பைய நடக்கிறது.

இன்று: சுலைமான் அண்ணாச்சி பெட்டிக்கடை ஒழுகி, ஒரு கட்டு மல்யுத்தச் சீட்டு நனைந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுகிற டிரம்ப் கார்டு. மேலே பயில்வான் படம், கீழே கட்டத்தில் உயரம், எடை, சண்டைகள், ரேங்க். எல்லாம் இங்கிலீஷ், மகள் சரசு படித்துச் சொன்னாள். படம் பூராவும் நீலமாகக் கலங்கிவிட்டது. கட்டம் மட்டும் சுத்தம்.

"இது இனி விக்காது. நீரு லாரிக்குப் படம் போட்டவருதானவே. இதுல ஏதாவது போட்டுப் பாரும்" என்றார். கூடவே ஒரு பெட்டி. அவர் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த அக்ரிலிக் பெயிண்டு, பன்னிரண்டு டியூப். வீட்டில் யாரும் தொடவில்லையாம்.

ஐப்பசி 10, சனி

மழை விட்டுவிட்டு. முதுகுவலி பரவாயில்லை.

செய்த விதம், மறக்காமலிருக்க: உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய். கீழ்க் கட்டத்தின் மேல் செலோடேப். வெள்ளை ஒரு பூச்சு. காயணும். அப்புறம் படம்.

இந்தப் பெயிண்டுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தின்னர் வேண்டாம். தண்ணீர் போதும். காய்ந்துவிட்டால் அதே தண்ணீர் ஒன்றும் செய்யாதாம். நாற்பது வருஷம் எனாமல் நெடியில் கிடந்த மூக்கு. நெடி இல்லாமல் வேலை செய்த மாதிரியே இல்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. உட்காரும் முன் இரண்டு கைக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தேய்த்தால் பெயிண்டு தோலில் பிடிக்காது. பட்டறைக்குப் போன முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

முதல் சீட்டு டீக்கடை இசக்கி. டீ ஆற்றுகிற கை, கொஞ்சம் மடங்கின வலது காது, எல்லாம். அவன் எதிரில் இல்லை. தேவையும் இல்லை. ஒரு தடவை பார்த்த முகம் எனக்குப் போகாது.

அவனுக்கு விழுந்த கட்டத்தில் எடை 190 கிலோ. ஆள் ஈர்க்குச்சி.

ஐப்பசி 11, ஞாயிறு

வெறும் மூட்டம். டீக்கடையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"நூத்தித் தொண்ணூறு கிலோவா! பாய்லரையும் சேத்துல்லா நிறுத்துட்டாவ" என்றான் இசக்கி. கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகிவிட்டான்.

எல்லோருக்கும் சீட்டு வேண்டுமாம். ரிட்டயர்டு கண்டக்டர் வேலாயுதம் ஒரே பிடி: "முப்பது வருசம் பாவநாசம் வண்டியில சில்லற கேட்டவம்வே நான். சண்ட ஆயிரத்துக்குக் கொறையாது. ஒண்ணாம் ரேங்க் எனக்குத்தான்."

சுலைமான் அண்ணாச்சி: "எம் மூஞ்சியப் போட்டுராதயும், வீட்டுல வைவாவ. கடையப் போடும். ஆறடி எட்டங்குலம் சரியாத்தான் இருக்கும்."

ஒன்றாம் ரேங்க் சீட்டு: உயரம் ஏழடி, சண்டைகள் 512. யாருக்கு என்று நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

ஐப்பசி 13, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. வேட்டி காய்ந்தது.

நேற்றோடு ஐந்து சீட்டு முடிந்தது. காலையில் டீக்கடைக்குப் போனால் இசக்கி சீட்டை நீட்டுகிறான்.

"பாரும்வே. மூணே நாள்ல எங் காதப் பிச்சுட்டீரு."

காது இருந்த இடத்தில் பழைய நீலக் கலங்கல். பக்கத்தில் விரல் வைத்தால் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரிந்து வருகிறது. வேலாயுதம் சீட்டில் டிக்கெட் பை போய்விட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"துபாய்ப் பெயிண்டு மட்டம்" என்றேன்.

சுலைமான் அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. "எம் மவம் வாங்குனது மட்டம்ங்கீரு. சரி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி 14, புதன்

மறுபடி மழை. சரசு இடியாப்பம் செய்தாள்.

ஐந்து சீட்டையும் வாங்கிவந்து தரையில் வரிசையாகப் போட்டேன். ஐந்திலும் ஒரே இடம். இடது ஓரம், கட்டத்துக்குச் சற்று மேலே. வேறெங்கும் ஒரு பொட்டு உரியவில்லை. எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் இடது கட்டைவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

சரசு எட்டிப் பார்த்தாள். "யப்பா, எண்ணெக் கையோட தொட்டா என்ன நிக்கும்? எண்ணெ வடியுத நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?"

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். இசக்கி காதைத் தேய்த்து, வெள்ளை பூசி, மறுபடி போட்டேன். காய்ந்தபின் நகத்தால் கீறிப் பார்த்தேன். நின்றது.

பெயிண்டில் குற்றமில்லை.

அதன் பிறகு வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. இடியாப்பத்தை மூடி வைத்துவிட்டேன். நாளை எழுதணும்.

ஐப்பசி 15, வியாழன்

மழை. எழுதிவிடுகிறேன்.

கோமதிநாயகம். இனி கோ.நா. பேட்டை லாரிப் பட்டறையில் படம் நான், எழுத்து கோ.நா. இருபத்தாறு வருஷம். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது, அவனுக்குக் கிளி போட வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு லாரி.

பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒரு அரிசி மண்டி லாரி. பின்கதவு பச்சை. இரண்டு கிளி, மூக்கோடு மூக்கு. கீழே முதலாளி பெயர். சாயங்காலம் நான் கிளியை முடித்தேன், மறுநாள் காலையில் கோ.நா. எழுதினான். இருபது நாளில் எழுத்து உரிந்தது. முழுப் பெயரும் இல்லை. முதல் மூன்று எழுத்து மட்டும். முதலாளி பட்டறையில் வந்து நின்று கத்தினார். பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவம் தின்னர ஜாஸ்தியா ஊத்தியிருப்பாம்." நான் சொன்னது அவ்வளவுதான்.

கோ.நா. பக்கத்தில்தான் நின்றான். பிரஷ்ஷைக் கழுவிக் காகிதத்தில் சுற்றினான். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு எந்தப் பட்டறையிலும் அவன் எழுதவில்லை. அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

குனிந்து கிளி போடும்போது என் இடது உள்ளங்கை பலகையில் ஊன்றும். ஊன்றுகிற இடம் கிளிக்குக் கீழே, இடது பக்கம். முதல் மூன்று எழுத்து வருகிற இடம். உரிந்ததும் ஒரு உள்ளங்கை அகலம்தான்.

எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி என்று ஊரில் பெயர். பதினோரு வருஷமாக அந்தக் கதவு ஞாபகம் இருந்தது. என் கை ஞாபகம் இல்லை.

ஐப்பசி 16, வெள்ளி

கனமழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

சுலைமான் அண்ணாச்சி கடைக்குப் போய், பெயிண்டு நல்ல பெயிண்டு, கைதான் மட்டம் என்றேன். சிரித்தார். கோ.நா. விஷயத்தையும் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

"அம்பையிலதான இருக்காரு?"

"ஆமா."

"உசுரோடதான?"

"அப்படித்தான் கேள்வி."

"பொறவு என்ன? பஸ்ஸு ஓடுதுல்லா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளுக்குப் புகையிலை மடிக்கப் போய்விட்டார்.

போகவா, வேண்டாமா. போனால் என்ன சொல்ல. கதவைச் சாத்தினால்?

ஐப்பசி 17, சனி

தூறல். கை மூன்று தடவை கழுவினேன்.

ஒன்றாம் ரேங்க் சீட்டில் கோ.நா. ஸ்டூல் மேல் நிற்கிறான். காதில் பென்சில். கோடு இழுக்கும்போது இடது கண்ணை மூடுவானே, அது. சட்டைக் காலரில் சிவப்புப் பெயிண்டு பட்டது போகவே போகாது, அதையும் போட்டேன். கட்டத்துக்கு மேலே பெயர் எழுத ஒரு விரல்கடை இடம். நானே எழுதினேன். எழுத்து போகப்போக மேலே ஏறிவிட்டது.

வேலாயுதத்துக்குக் கோபம். "யாருவே அவம்? எந்த ரூட்டு?"

ஐப்பசி 18, ஞாயிறு

மழை இல்லை. அம்பை பஸ்ஸில் ஜன்னல் ஓரம். வழியெல்லாம் வயலில் தண்ணீர். சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பத்துத் தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்.

கோ.நா. வாசல் நாற்காலியில் ரேடியோவுக்குப் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். மெலிந்திருக்கிறான்.

"மழக்காலத்துல கொட இல்லாம வந்திருக்க" என்றான். நேற்றுப் பார்த்தவன் மாதிரி.

நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். எண்ணெய், கை, கதவு, மூன்று எழுத்து. பாட்டரியை மாட்டி மூடியை அழுத்தினான்.

"எழுத்து உரிஞ்சதுக்கா போனேன்? யாரு கை, யாரு தின்னருன்னு நான் யோசிக்கவே இல்லலே. 'அவம் அப்படிச் செய்ய மாட்டாம்'னு நீ ஒரு வாய் சொல்லுவன்னு நின்னேன். ஒத்த பிரஷ்ஷக் கழுவ அம்புட்டு நேரமா ஆவும்?"

மூன்று தடவை மண்ணெண்ணெய் மாற்றினான் அன்றைக்கு. அதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது.

சீட்டை நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"ஏழடியா? ஸ்டூல் போட்டு எழுதுனவம்லே நான்."

"அது அச்சுல உள்ளது."

"ஐந்நூத்திப் பன்னெண்டு சண்டையாம். நமக்குள்ள ஒண்ணுதான. அதையும் நான் போடல." பெயரில் விரல் வைத்தான்: "பேரு யாரு எழுதுனது? மாடு மிதிச்ச வயலு மாதிரி இருக்கு."

"நான்தான்."

அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தான். "நீயா?"

"படிச்சேன். மூணு வருசம் ஆச்சு."

சீட்டின் இடது ஓரத்தை நகத்தால் கீறினான். இன்னொரு தடவை அழுத்திக் கீறினான். உரியவில்லை.

மகள் காப்பி கொண்டுவந்தாள். குடித்தோம். ரேடியோவில் செய்தி. கிளம்பும்போது சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"படம் இருக்கட்டும். பேர மட்டும் அழிச்சு வெள்ளை பூசிக் கொண்டா. நான் எழுதிக்கிடுதேன்."

நாளை மறுநாள் அம்பை, காலை பஸ். வாங்க வேண்டியது: உப்புத்தாள் ஒன்று, சோப்பு ஒன்று. கறுப்பு டியூப் அவனுக்கு.