இரண்டு கோடுகளில் என் இடம்

சுயாக்,
10 டிசம்பர் 1967

அன்பு மகள் தெய்வானைக்கு, அப்பா நாகலிங்கம் ஆசியுடன் எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். லண்டன் குளிரில் ஆஸ்பத்திரி வேலை உன்னை வாட்டாமல் இருக்க முருகனை வேண்டுகிறோம். இங்கே கரும்பு வெட்டு முடிந்து ஆலை நின்றுவிட்டது. மார்ச்சில் நம் தீவிலும் சுதந்திரக் கொடி ஏறும் என்கிறார்கள்.

உன் மாலை வகுப்பில் கொடுத்த கேள்வித்தாள் வந்தது. நீ தமிழில் எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. ஒரு கோடு உழைப்பு, கூலி பற்றியது. மற்றது குடும்பம், மதம் பற்றியது. மாற்றம் வேண்டுவோர் இடப்பக்கம், பழையபடி இருக்கட்டும் என்போர் வலப்பக்கம் புள்ளி வைக்கவேண்டும் என்றிருந்தாய். அங்கே லண்டனில் இருக்கும், நீ மணக்க விரும்பும் கிரியோல் கிறிஸ்தவப் பையன் ஜில்பெரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன வருடம் நான் கோபமாக எழுதியதிலிருந்து நீ அவன் பெயரையே எழுதுவதில்லை.

முதல் கோட்டுக்கு யோசிக்கவே இல்லை. முப்பத்தேழாம் வருடம் வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனவன் நான். இடது ஓரத்தில் வைத்தேன். இரண்டாவதில், 'வேறு இனத்தில், மதத்தில் பிள்ளைகள் மணம் செய்யலாமா?' என்ற கேள்விக்குக் 'கூடாது' என்று போட்டேன். புள்ளி வலது ஓரத்துக்குப் போனது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தோட்டத்துப் பெரிய தொரை வீட்டுலயும் இதே பதில்தான் போடுவாங்க. அவரு பக்கத்துல நிக்கிறதுக்கா ஜெயிலுக்குப் போனீங்க?" என்றாள். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் ஜில்பெரின் தகப்பன் மொரிஸைப் பார்க்கப் போனேன். சிறையில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஆகஸ்ட் தேர்தலில் சுதந்திரம் வேண்டாமென்று அவன் ஓட்டுப் போட்டதிலிருந்து நாங்கள் பேசவில்லை. கேள்விகளைப் படித்துச் சொன்னேன். அவன் வைத்த புள்ளிகளும் என் புள்ளிகளின் மேலேயே விழுந்தன.

"உங்க இந்திய ஆளுங்க ஆட்சியில எங்க கிரியோல் சனத்துக்கு இடம் இருக்குமான்னு பயம், நாகா. அந்தப் பயத்துலதான் ஓட்டும் போட்டேன், பையனுக்கும் இந்தக் கல்யாணம் வேணாம்னு எழுதினேன்" என்று கிரியோல் மொழியில் சொன்னான். பேரப்பிள்ளைகள் காவடி எடுக்கமாட்டார்களோ என்ற என் பயத்தை நானும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கிளம்பும்போது தெருமுனைவரை என் கையைப் பிடித்தபடியே வந்தான்.

தாளை ஆசிரியரிடம் அப்படியே கொடு. அழித்து எழுத மனம் வரவில்லை. அன்றைக்கு நான் நின்ற இடம் அதுதான்.

மார்ச்சுக்கு லீவு கேள், மகளே. எந்தக் கப்பல் என்று எழுது. போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு நானும் மொரிஸும் சேர்ந்தே வருவோம். நீ தனியாக வராதே.

முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
நாகலிங்கம்