ஆரப்பாளையத்தில் இறங்கியது யார்?

மதிப்பிற்குரிய அப்பா அவர்களின் திருமுன்னர், மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் மறைந்த பின் நான் எழுதும் முதல் மடல் இது. இத்துணைக் காலம் தாழ்த்தியதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுதச் செய்தி இல்லாமல் இருந்ததில்லை. ஐயம் தீராத ஒன்றை எழுத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று மாலை மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றி, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த திருமண அழைப்பிதழ் ஒன்றைப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். விளக்கு வந்ததும் ஊதி அணைத்தேன். கருகிய திரியின் வாடை அறையெங்கும் பரவியது. அந்த வாடைக்கு நம் வீட்டில் ஒரு பொருள்தான் உண்டு: அப்பா இன்றைய பயிற்சியை முடித்துவிட்டார்.

வாதம் வந்து வலக்கையையும் பேச்சையும் ஒரே காலையில் கொண்டுபோனபோது, தாங்கள் ஆரப்பாளையம் – சோழவந்தான் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தீர்கள். என் சிறு வயதில், பயணிகள் இருக்கையில் விட்டுப்போன செய்தித்தாள்களையும் வார இதழ்களையும் அள்ளிக்கொண்டு வருவீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. அந்தத் தாள்களைக் கொண்டு நான் தமிழை விடாமல் பிடித்துக்கொண்டேன். நான்கு பேர் மதிக்கும்படி எழுத வந்த பிறகும், அச்சகத்து வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பாப்பா, சோறு கொண்டாந்திருக்கேன்" என்று தெரு முழுவதும் கேட்கக் கூப்பிடுவீர்கள். முப்பது வயதைக் கடந்தவளை அப்படி அழைக்கலாகாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். வாதம் வந்த பிறகு அந்தச் சொல் வரவில்லை. என்னைப் பார்த்து வாய் திறக்கும், மூடும். எந்தச் சொல்லை வேண்டாம் என்றேனோ, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பேரையூர்ப் பக்கத்துக்காரி. வெளியூரில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். அவளை நான் நம்பவில்லை. மூடிய அறையில் கண்ணாடியைக் காட்டி உதட்டைக் குவிக்கச் சொன்னாள். மெழுகுவர்த்தியை ஏற்றி, அங்கேயும் வீட்டிலும் ஊதிப் பழகச் சொன்னாள். தாங்கள் நன்றாக ஊதினீர்கள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. மாதங்கள் போயின. படித்ததைத் தங்கள்மீது பழகிப் பார்க்கிறாள் என்றே எண்ணினேன். தாங்களும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். "வலிய வந்து ஒருத்தன் கேக்குறான்னா, எதுக்குக் கேக்குறான்னு மொதல்ல நீ கேளு" என்று எனக்குச் சொல்லித் தந்தவர் தாங்களே.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். சாலையில் போன பேருந்திலிருந்து கண்டக்டரின் விசில் கேட்டது. தாங்கள் நின்றீர்கள். "கோச்சடை, துவரிமான், மேலக்கால், சோழவந்தான்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சொன்னது யார் என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

வாசலில் நின்ற அந்தப் பெண்ணும் கேட்டுவிட்டாள். "அக்கா, நாளைக்கு ஐயாவ ஆரப்பாளையம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"வண்டி ஏத்தத்தான். பழகிப்போன பேச்சு ஒரு மூலையில தனியாக் கெடக்கு, அக்கா. அதப் புடிச்சு மத்தத இழுத்துப் பாப்போம்."

மறுநாள் முதல் பயிற்சி தங்கள் பழைய வண்டியின் படிக்கட்டில் நடந்தது. டிரைவர் மாமா இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே வம்பிழுப்பார். "மாப்ள, ஒரு கொரல் குடு. நீ கூப்பிடலைன்னா சனம் பூராம் அடுத்த வண்டிக்குப் போயிரும், மொதலாளி என் மென்னியப் புடிப்பாரு." தாங்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவீர்கள். கூட்டம் சிரிக்கும். எவர் அன்பாகச் சிரிக்கிறார், எவர் ஏளனமாகச் சிரிக்கிறார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வண்டி புறப்பட்டதும் அவள் அடுத்த வேலையைத் தொடங்குவாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "யாரு எறங்குறா, ஐயா?" என்று கேட்பாள். முதல் வாரம் தாங்கள் வாயைத் திறந்து மூடினீர்கள். பிறகு துவரிமானில் "கெழவி" என்றீர்கள். மேலக்காலில் "வாத்தியாரு". இறங்கிய கிழவி திரும்பி, "யாருடா கெழவி? ஒன்னைய விட நாலு வயசு எளையவ நானு" என்று ஏசிவிட்டுப் போனாள். வண்டியே சிரித்தது. அன்று தாங்களும் சிரித்தீர்கள்.

அவ்வேளையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பேச்சுப் பயிற்சியாளர்களின் சங்கம் தன் தொழில்நெறிகளைத் திருத்துகிறதாம். அதற்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறதாம். வரைவை அவளே கொண்டுவந்து காட்டினாள். பயிற்சியை நிறுவனத்தின் மூடிய அறையில் மட்டுமே அளிக்க வேண்டும்; பொது இடங்களில் அளிப்பது தொழிலின் மாண்பைக் குறைக்கும் என்று அதில் இருந்தது. பேருந்தில் வித்தை காட்டுகிறாள் என்று யாரோ அவள்மேல் புகார் எழுதியிருந்தார்களாம். இந்த நெறி வந்தால் தாங்கள் மறுபடியும் மெழுகுவர்த்தி முன்னால் உட்கார வேண்டியதுதான். கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நம்மையும் வந்து பேசச் சொன்னாள்.

"முடிவு பண்ணிட்டுத்தான கருத்துக் கேக்குறாங்க?" என்றேன்.

"இருக்கலாம், அக்கா."

"எங்கள முன்னால நிறுத்தி ஒன் வேலையக் காப்பாத்திக்கப் பாக்குறியா?"

அவள் கோபிக்கவில்லை. "ஆமா, எனக்கும் வேணுந்தான். ஐயா பேசுனாத்தான என் வேலைக்கு மதிப்பு? நீங்க வாரீகளா, இல்லையா?"

பூசி மெழுகாமல் சொன்னதால் போனேன். நம்பியதால் அல்ல.

கூட்டம் நடந்த மண்டபத்தில் மேடை முழுவதும் நாற்காலிகள். பேச்சிழந்தவர்களும் அவர்களின் வீட்டாரும் கடைசி வரிசையில். ஒருவருக்கு இரண்டு நிமிடம்; மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். பேச்சு வராதவர்களைக் குறித்த கூட்டத்தில் பேச்சுக்கு மணி அடிக்கும் ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்களின் நோக்கம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என் முறை வந்தது. மேடையில் வீற்றிருந்த தலைவர் அவர்களுக்கும், வரைவுக் குழுவின் சான்றோர் பெருமக்களுக்கும், நோயுற்றோரைப் பேணும் நல்லுள்ளங்களுக்கும் முறைப்படி வணக்கம் கூறி முடிக்கையில் மணி அடித்தது. முறைப்படி வணங்காமல் ஒரு சபையில் பேசத் தொடங்குவது எனக்கு வராது, இன்றும் வராது. நம்மோடு வந்திருந்த டிரைவர் மாமா பின்னால் முணுமுணுத்தது கேட்டது. "பத்திரிகை வாசிச்சுட்டா. கல்யாணம் எப்பன்னு சொல்லலையே."

தாங்கள் எழுந்து வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இடக்கையால் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்தீர்கள், பேருந்தில் பிடிப்பதுபோல. வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. தலைவர் மணியை அடித்தார்.

"ஹோல்டான்" என்றீர்கள், வண்டியை நிறுத்தும் அதே குரலில். "ஆளு எறங்கல."

வண்டியில் மணி அடிப்பது தங்கள் உரிமை. இன்னொருவர் அடித்து வண்டி கிளம்ப விடுவீர்களா? மண்டபம் சிரித்தது. தலைவர் கையை எடுத்துக்கொண்டார். தாங்கள் ஊர்ப்பெயர்களைக் கோச்சடையிலிருந்து தொடங்கி, சோழவந்தான் வந்ததும் நிறுத்தி, நெற்றி வியர்க்க மேலும் நான்கு சொற்களை ஒவ்வொன்றாக இறக்கினீர்கள். "ரூமு… வேணாம். வண்டி… வேணும்."

"பதிவு செய்துகொள்கிறோம்" என்றார் தலைவர். குறிப்பெடுப்பவரின் பேனா அசையவில்லை என்பதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் டவுன் பஸ்ஸில் நெரிசல். ஆரப்பாளையத்தில் நான் முன்படியில் இறங்கப் போனேன். தாங்கள் எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றீர்கள். என் பக்கத்திலேயே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் பையைச் சுமந்துகொண்டு இறங்கப் போனாள். வண்டி நகர்ந்துவிடும் போலிருந்தது. அப்போது தங்கள் குரல் கேட்டது.

"ஹோல்டான். பாப்பா எறங்குது."

நான் திரும்பிப் பார்த்தபோது தாங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிறுமியும் இறங்கினாள்; நானும் இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும், "யாரச் சொன்னீங்க, அப்பா?" என்று கேட்டேன். தாங்கள் வாயைத் திறந்து மூடினீர்கள். அடுத்து வந்த மாதங்களில் கிழவி, வாத்தியார், போலீசு, கீரைக்காரி என எத்தனையோ பேரை இறக்கிவிட்டீர்கள். பாப்பாவை மறுபடியும் இறக்கவில்லை. சங்கத்தின் முடிவு வருமுன் தாங்களே போய்விட்டீர்கள்.

வரைவு 'பரிசீலனையில் உள்ளது' என்றே ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பெண் இன்றுவரை வேறு வேறு நோயாளிகளோடு வேறு வேறு வண்டிகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். இன்று காலைத் தபாலில் திருத்திய வரைவு வந்திருக்கிறது. நோயாளிக்குப் பழகிய பொது இடத்திலும் பயிற்சி அளிக்கலாமாம். மகிழ வேண்டியதுதான். ஆனால் பிழை திருத்துகிறவளின் கண் எனது. கூடவே ஒட்டியிருந்த சொற்களும் தட்டுப்பட்டன: 'பயன் ஐயமற நிறுவப்படுமாயின்'. ஆகவே, இவ்வாறு பயிற்சி பெற்றவர்களின் வீட்டார், தாம் கண்ட பயனை எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் வாசகம் இது. பிற்பகல் அவளும் அச்சகத்துக்கு வந்தாள். "நீங்க எழுதுனா நிக்கும், அக்கா. ஐயா ஒங்களக் கூப்புட்டாருன்னு எழுதுங்க. அது ஒன்னு போதும்" என்றாள்.

அவளுக்கு அதில் ஐயமே இல்லை. அவளை இன்று நான் நம்புகிறேன். அவள் சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை. தாங்கள் கிழவியையும் வாத்தியாரையும் இன்னாரென்று சொல்லி இறக்கிய பயனை எழுதலாம், அது உண்மை. ஆனால் தாள் கேட்பது நான் கண்ட பயனை. நான் வேண்டி வந்தது ஒரே பயன். அது கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்திட மாட்டேன். எழுதாமல் விட்டால், எங்கோ ஒரு வீட்டில் இன்னொருவர் மெழுகுவர்த்தியை ஊதிக்கொண்டே காலம் கழிக்க நேரும். பெறுநர் முகவரி வரை எழுதிவிட்டு, விளக்கு வந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரப்பாளையம் நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் இன்றும் கம்பியைப் பிடித்து ஒரு கணம் நின்றுதான் இறங்குகிறேன். பின்னால் வருகிறவர்கள், "எறங்கும்மா, வண்டி கெளம்பப் போவுது" என்கிறார்கள். நான் உடனே வழி விடுவதில்லை.

அன்று தாங்கள் இறக்கிவிட்டது அந்தச் சிறுமியையா, என்னையா? கருத்து அனுப்பக் கடைசி நாள் நெருங்குகிறது. விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்